ஸ்கேனில் 'நார்மல்', குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம்: வழக்கு நிற்குமா?

கேள்வி: கடலூரில் இருக்கிறோம். மூன்றாம் மாதம் புதுச்சேரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் என்.டி. ஸ்கேன் (கருவின் கழுத்துப் பின்புற நீரளவைப் பார்ப்பது) எடுத்தேன். 'நார்மல்' என்று வந்ததால், டாக்டர் எழுதிக் கொடுத்த டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையை எடுக்கவில்லை. மகனுக்கு டவுன் சிண்ட்ரோம். இப்போது ஒன்றேகால் வயது. கேட்கப் போன இடத்தில் ரிசப்ஷனில் அவமானப்படுத்தினார்கள். மாமியார் என்னைத்தான் குறை சொல்கிறார். கிரிமினல் கேஸ் போடலாமா? (ரிப்போர்ட் நகல் இணைத்துள்ளேன்.)

பதில்: ரிசப்ஷனில் பேசியதும் மாமியார் பேசியதும் மனுவில் ஒரு வரிகூட வேண்டாம். கிரிமினல் கேஸையும் விடுங்கள். உச்ச நீதிமன்றத்தின் ஜேக்கப் மேத்யூ தீர்ப்புக்கு (2005) பிறகு, சிகிச்சை விஷயத்தில் டாக்டரின் படுமோசமான அலட்சியத்தைக் காட்டினால்தான் அது நிற்கும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். ஸ்கேன் எடுத்தது புதுச்சேரி என்றாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் கடலூரிலேயே தாக்கல் செய்யலாம்.

'ஸ்கேனில் கண்டுபிடிக்கவில்லை' என்பது மட்டும் வழக்காகாது. என்.டி. ஸ்கேன் சந்தேகத்தைத்தான் சொல்லும். உறுதி செய்ய நஞ்சுக்கொடித் திசுவையோ பனிக்குட நீரையோ எடுத்துப் பார்க்க வேண்டும். பாதிப்புள்ள கருவிலும் கழுத்துப் பின்புற நீரளவு சரியாகவே இருப்பதுண்டு. உங்களிடம் இருப்பது வேறு: ரிப்போர்ட்டின் நடுவில் 'மூக்கெலும்பு தெளிவாகத் தெரியவில்லை' என்று இருக்கிறது, கடைசியில் 'நார்மல்' என்று முடிகிறது. மூக்கெலும்பு தெரியாதது டவுன் சிண்ட்ரோமுக்குத் தெரிந்த அடையாளம். மறு ஸ்கேன்கூடச் சொல்லாமல் ஏன் நார்மல் என்று எழுதினார்கள்? வழக்கு இந்த ஒரு கேள்விதான்.

இதில் பலர் சறுக்கும் இடம் டபுள் மார்க்கர் எழுதிய அந்த ஓ.பி. சீட்டு. 'அதைக் காட்டாமல் விட்டுவிடலாமா சார்?' என்பார்கள். கூடாது. டாக்டரின் ஃபைலிலும் அது பதிவாகியிருக்கும். குறுக்கு விசாரணையில் அதை ஸ்கேன் சென்டர் தரப்பு நீட்டினால், நீங்கள் சொன்ன உண்மைகளும் பொய்யாகிவிடும். நீங்களே முதலில் தாக்கல் செய்து, 'நார்மல் என்று எழுதியதை நம்பித்தான் ரத்தம் கொடுக்கவில்லை' என்று பிரமாணப் பத்திரத்தில் சொல்லுங்கள். அப்போது அது உங்கள் சான்று.

காலக்கெடு இரண்டு வருடம். நீங்கள் பிரசவத்திலிருந்து எண்ணுகிறீர்கள், அவர்கள் ஸ்கேன் தேதியிலிருந்து எண்ணுவார்கள். அந்தக் கணக்கில் மூன்று மாதம்தான் பாக்கி. பாலினத் தேர்வுத் தடைச் சட்ட விதிகளின்படி ஸ்கேன் ஆவணங்களை அவர்கள் வைத்திருக்க வேண்டியதும் இரண்டு வருடமே. அப்புறம் 'அழித்துவிட்டோம்' என்றால் கேட்க நாதியில்லை. சேமித்த படங்களையும் ஃபார்ம் எஃப் (கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுக்கும்போது சென்டர் நிரப்பும் படிவம்) நகலையும் இந்த வாரமே ஒப்புகையோடு தபாலில் கேளுங்கள். கையிலுள்ள தெர்மல் பிரின்ட் வெளுத்துப்போகும், இன்றே போட்டோ எடுத்துவையுங்கள்.

இன்னொன்று. 'முன்பே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?' என்று கேட்பார்கள். கருவைக் கலைத்திருப்பேன் என்று சொல்லாமல் நஷ்டத்தை நிரூபிப்பது கஷ்டம். அந்தப் பத்திரத்தை உங்கள் மகன் ஒருநாள் படிக்கலாம். அதனால்தான் சொல்கிறேன்: நோட்டீஸ் போன பிறகு ஸ்கேன் சென்டரின் இன்சூரன்ஸ் தரப்பு பேச வந்தால் பேசுங்கள். பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, இதய எக்கோ பில்களைத் தேதிவாரியாக அடுக்கி, அதை வைத்துத் தொகை கேளுங்கள். மன்னிப்புக் கடிதம் கேட்டு அடம்பிடித்தால் பேச்சு முறியும். வரும் பணம் பையன் பெயரில் டெபாசிட் ஆக வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.