வெளிப் பையன்கள்

அன்புள்ள ஐயா,

நான் பெங்களூரில், கால்பந்துக்குப் பேர்போன கௌதமபுரத்தில் பிறந்தவன். இப்போது ஊருக்கு வெளியே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறேன். வளாகத்துக்குள் கால்பந்து ஸ்டேடியம் கட்டப் போகிறார்கள். செயற்கைப் புல், ஃபிளட்லைட், இரண்டு பக்கமும் கேலரி. அந்தப் பணத்தில் ஆய்வகம் கட்டலாமே என்று சக ஆசிரியர்கள் எதிர்க்கிறார்கள். எனக்கு ஸ்டேடியம் வர வேண்டும் என்றுதான் ஆசை. வெளிப் பையன்கள் வந்தால் புல் கெட்டுவிடும், ஆட்டமில்லாத நாளில் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்கிறது நிர்வாகம். எனக்கும் அது சரியென்றே படுகிறது. உங்கள் கருத்து?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஆய்வகமா ஸ்டேடியமா என்ற சண்டையை உங்கள் ஆசிரியர் சங்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஃபிளட்லைட் பற்றியும் எனக்குச் சொல்ல எதுவுமில்லை. பூட்டி வைப்பது சரியென்று படுகிறது என்றீர்களே, அந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன். கௌதமபுரத்தில் பிறந்தவர் எழுதும் வரியா அது?

1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஃபிரான்ஸிடம் 2-1 என்று தோற்றோம். நமக்காக விழுந்த ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன், பெங்களூர்க்காரர். அதே அணியில் இருந்த அகமது கானும் இந்த ஊர்தான். 1962இல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம் வென்ற அணியின் அருமைநாயகமும் இங்கிருந்து போனவர். அந்தக் காலத்துப் பிள்ளைகள் வெறுங்காலோடு ஆடி வளர்ந்தார்கள். மாலையானால் யார் வேண்டுமானாலும் இறங்கலாம் என்று கண்டோன்மென்ட் பக்கம் நிலம் கிடந்தது. நன்றாக ஆடியவனுக்கு விமானம் கட்டும் எச்.ஏ.எல்., தொலைபேசி செய்யும் ஐ.டி.ஐ. போன்ற ஆலைகள் அணியில் இடமும் வேலையும் கொடுத்தன. எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிந்தது பந்தால்.

அல்சூரில் வாடகைக்கு இருந்தபோது மாலைகளில் உங்கள் பேட்டை மைதானத்துக்குப் போவேன். ஆலை அணியில் ஆடி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் லுங்கியோடு கோட்டோரம் நிற்பார். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கமாட்டார். "இடது கால்ல அடிடா, அது என்ன சும்மாவா ஒட்டிக்கிட்டிருக்கு?" என்று கத்துவார். அடித்துவிட்டால் பையனின் தலையைத் தடவிவிட்டு அடுத்தவனைக் கூப்பிடுவார். நீங்களும் அவரிடம் திட்டு வாங்கியிருக்கலாம். அன்று நீங்கள் எந்த வெளியிலிருந்து வந்தீர்கள்?

கேலரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சர்வதேச ஆடுகளம் வழக்கமாக 105க்கு 68 மீட்டர்தான். குறுக்கே பிரித்தால் ஒரே நேரத்தில் நான்கு கூட்டம் சிறுபிள்ளைகள் ஆடலாம். செயற்கைப் புல்லைப் போடுவதே இயற்கைப் புல்லைவிட அதிக நேரம் ஆட்டம் தாங்கும் என்பதற்காக. அதைப் போட்டுவிட்டுக் கெட்டுவிடும் என்று பூட்டுவது என்ன நியாயம்? வெயிலில் அது கொதிக்கும், பகலில் உங்கள் மாணவர்களே இறங்கமாட்டார்கள். இறங்கத் தோதான நேரம் மாலை. அந்த நேரத்தில்தான் சுவருக்கு அந்தப் பக்கம் கட்டட வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் சாலையோரம் பந்து உதைத்துக்கொண்டிருப்பார்கள். லாரி போகும் சாலை அது. பல்கலைக்கழக அணிக்கு நாளைக்கு ஒரு நல்ல ஸ்ட்ரைக்கர் வேண்டுமென்றால் அவனும் அங்கேதான் இருக்கிறான்.

கோபமாக எழுதிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஸ்டேடியம் வரட்டும் என்று ஆசைப்படுகிற ஆசிரியர் கிடைப்பதே அபூர்வம், அதனால்தான் உங்களிடம் உரிமையோடு பேசுகிறேன். அடுத்த கூட்டத்தில் வரைபடத்தை விரிக்கும்போது சாலைப் பக்கம் ஒரு கேட் வைக்கச் சொல்லுங்கள். அது தினமும் மாலை ஐந்து மணிக்குத் திறக்கும் என்று தீர்மானத்திலேயே எழுதி வாங்குங்கள். கட்டி முடித்த பிறகு கேட்டால் ஒருவரும் தரமாட்டார்கள்.