கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு நன்றாகத் தெரிந்த கண் மறுபடி மங்கினால், ரிவியூ தேதி வரை காத்திருக்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: அப்பாவுக்கு வயது 68, சர்க்கரை இருக்கிறது. வலது கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம். முதல் இரண்டு வாரம் நன்றாகத் தெரிந்தது, இப்போது மங்கலாக இருக்கிறது, நடுவில் பூச்சி பறக்கிற மாதிரியும் இருக்கிறது என்கிறார். சிவப்பு இல்லை, வலி இல்லை. ரிவியூவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையே கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கு முன்னால், இப்போதே அப்பாவிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். கண்ணோரத்தில் மின்னல் வெட்டுகிறதா? பார்வையின் ஏதாவது ஒரு பக்கம் திரை விழுந்ததுபோல் மறைக்கிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும், அல்லது பூச்சிகள் திடீரென்று கூட்டமாக வந்திருந்தாலும், நாளைக்குக் கூடத் தள்ளிப்போடாதீர்கள். இன்றிரவே விழித்திரை டாக்டர் இருக்கும் கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

நான் டாக்டர் இல்லை. கண் மருத்துவமனை ஒன்றில் பார்வை அளந்து கண்ணாடி பவர் பார்க்கும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். ஆபரேஷன் முடிந்து ரிவியூவுக்கு வருகிறவர்கள் டாக்டரிடம் போகுமுன் என் எதிரில்தான் உட்காருவார்கள். என் அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு, இரண்டு கண்ணிலும் லென்ஸ் வைத்திருக்கிறது. அதனால் உங்கள் கேள்வியை இரண்டு பக்கமிருந்தும் பார்த்திருக்கிறேன்.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது: எவ்வளவு தெரிகிறது என்பதைவிட, எந்தப் பக்கமாகப் போகிறது என்பதைப் பாருங்கள். ஆபரேஷன் ஆன மறுநாள் மங்கலாக இருந்து நாளுக்கு நாள் தெளிகிறது என்றால் பெரும்பாலும் பயமில்லை. தெளிந்து, பிறகு குறைந்தால், அது முதல் வாரமானாலும் மூன்றாவது வருடமானாலும் காட்டியே ஆக வேண்டும். உங்கள் அப்பா இந்த இரண்டாவது வகை.

முதலில் பயப்பட வேண்டாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். புரை முற்றியிருந்தால் அதை உடைத்து உறிஞ்ச அதிக நேரம் பிடிக்கும், அதில் கருவிழி கொஞ்சம் வீங்கும். அந்த வீக்கம் வடியும்வரை பனி மூடின மாதிரிதான் தெரியும். சில நாளில், சிலருக்குச் சில வாரத்தில் சரியாகும். கண் உறுத்தும், மணல் விழுந்ததுபோல் அரிக்கும், தண்ணீர் வரும். இது பலருக்குக் கண் உலர்வதால் வருவது. இரவில் எதிரே வரும் வண்டி விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். நிறமும் மாறும். கண்ணில் இயற்கையாக இருந்த லென்ஸ் வயதாகிப் பழுப்பேறி நீலத்தைத் தடுத்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் எல்லாம் பளிச்சென்று கொஞ்சம் நீலம் பூத்துத் தெரியும். ஒரு கண் மட்டும் ஆபரேஷன் ஆனவர்கள் கண்ணை மாற்றி மாற்றி மூடி வெள்ளைச் சட்டையைப் பார்த்தால், ஒரு கண்ணுக்கு வெள்ளை, இன்னொரு கண்ணுக்கு டீக்கறை. சிலருக்குக் காதுப்பக்க ஓரத்தில் பிறை வடிவில் ஒரு நிழல் தெரியும். முதல் நாளிலிருந்தே அதே இடத்தில் அசையாமல் இருந்தால் அது புதிதாக வைத்த லென்ஸின் விளிம்பும் வெளிச்சமும் சேர்ந்து செய்கிற வேலை, பெரும்பாலும் சில மாதத்தில் மறந்துபோகும். புதிதாக வந்து, நாளுக்கு நாள் பெரிதாகிற நிழல் வேறு விஷயம். அதற்கு வருகிறேன்.

உங்கள் அப்பாவுக்கு என்னவாக இருக்கலாம்? நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் சர்க்கரை, நான்கு முதல் ஆறு வாரம், வலி இல்லாமல் நடுப்பார்வை மங்கல், இந்த மூன்றும் சேர்ந்தால் டாக்டர்கள் முதலில் சந்தேகப்படுவது விழித்திரையின் நடுவில் நீர் கோத்திருக்கிறதா என்பதைத்தான். ஆபரேஷனால் கண்ணுக்குள் ஏற்படுகிற அழற்சி பின்பக்கம் வரை போய், நுண்ணிய ரத்தக்குழாய்களில் கசிவு உண்டாக்குகிறது. நாம் படிக்கவும் முகம் பார்க்கவும் பயன்படுத்தும் அந்த மையப்பகுதி வீங்கிவிடும். வெளியே கண் வெள்ளைவெளேரென்று இருக்கும். அதனால்தான் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது.

என் அம்மாவுக்கு இதுதான் வந்தது. இடது கண் முடிந்து மாதம் ஒன்று தாண்டியிருக்கும். டிவியில் செய்தி வாசிப்பவரின் முகத்தில் மட்டும் எண்ணெய் தடவின மாதிரி இருக்கிறது, சுற்றிலும் நன்றாகத் தெரிகிறது என்றார். வலது கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பார்க்கச் சொன்னேன். நடுக்கம்பி இரண்டு மட்டும் வளைந்திருக்கிறது என்றார். விழித்திரையின் அடுக்குகளைப் படம் பிடிக்கும் ஓசிடி ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி இல்லை, வலி இல்லை, தாடையை வைத்து ஒரு புள்ளியைப் பார்த்தால் முடிந்துவிடும். வீக்கம் படத்தில் தெளிவாகத் தெரிந்தது. அழற்சியைக் குறைக்கும் சொட்டு மருந்து இரண்டு வகை கொடுத்தார்கள். சில மாதத்தில் வடிந்து, பார்வை திரும்பியது. பெரும்பாலோருக்கு இப்படிச் சொட்டிலேயே சரியாகும். சர்க்கரையால் ஏற்கெனவே விழித்திரை பாதித்திருந்தால் கண்ணுக்குள் ஊசி தேவைப்படலாம். அந்த ஊசியைக் கேட்டு அப்பா பயந்தால் பக்கத்தில் உட்கார்ந்து தைரியம் சொல்லுங்கள். மரத்துப்போகச் செய்துவிட்டுத்தான் போடுவார்கள், நொடியில் முடியும்.

அப்பா சொட்டு மருந்தை ஒழுங்காக விட்டாரா என்றும் கேளுங்கள். பல இடங்களில் ஸ்டீராய்டு சொட்டை முதல் வாரம் தினம் ஆறு தடவை, அடுத்த வாரம் ஐந்து என்று குறைத்துக்கொண்டே வரச் சொல்வார்கள். சிவப்புப் போனதும் பலர் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள், உள்ளே அழற்சி அடங்குவதற்கு முன்னாலேயே. இதற்கு நேர்மாறாக, நன்றாக இருக்கிறதே என்று மெடிக்கலில் பாட்டில் பாட்டிலாக வாங்கி மாதக்கணக்கில் விடுகிறவர்களும் உண்டு. சிலருக்கு அது கண் அழுத்தத்தை ஏற்றிவிடும், வலி கூட இல்லாமல் பார்வை நரம்பு கெடும். சீட்டில் எழுதியிருப்பதைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அப்புறம், தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர் என்று யார் சொன்னாலும் ஆபரேஷன் ஆன கண்ணில் ஒரு சொட்டு விடாதீர்கள்.

இனி அந்தத் திரை விஷயம். புரை நீங்கியதும் முன்பே இருந்த பூச்சிகள் தெளிவாகத் தெரிய ஆரம்பிப்பது சகஜம். இரண்டு மூன்று பூச்சி, மாதக்கணக்கில் அதேபோல் என்றால் பாதகமில்லை. ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணுக்குள் இருக்கும் ஜெல் சீக்கிரமே சுருங்கிப் பிரியலாம், பிரியும்போது விழித்திரையைக் கிழித்தும் விடலாம். கிட்டப்பார்வை அதிகம் இருந்தவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். வெறும் கிழிசலாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் லேசர் போட்டு அடைத்துவிடலாம். கிழிசல் வழியே நீர் புகுந்து விழித்திரை உரிய ஆரம்பித்தால்தான் திரை விழும். அது மையத்தைத் தொடுவதற்குள் ஆபரேஷன் செய்தால் பார்வையைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது. தொட்டபிறகு முழுப்பார்வை திரும்புவது கஷ்டம்.

ஒரு பெரியவர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். வேட்டி மடிப்பில் ரிவியூ அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தார். பத்து நாளாகக் கீழிருந்து கறுப்பு ஏறுகிறது என்றார். கையைக் காட்டி விரல் எண்ணச் சொன்னேன், அசைவு மட்டும் தெரிகிறது என்றார். "ஏங்கய்யா உடனே வரல?" என்றதற்கு, "அட்டையில இன்னிக்குத்தானே வரச் சொல்லி எழுதியிருக்கு" என்றார். அட்டையில் இருப்பது தொந்தரவு ஒன்றும் இல்லாதவர்கள் வருவதற்கான தேதி. கண்ணில் ஏதாவது மாறினால் அந்தத் தேதிக்கு மதிப்பே இல்லை என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. இந்தப் பதிலை நான் இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அவர்தான் காரணம்.

முதல் வாரத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: வலி கூடுவது, சிவப்பு கூடுவது, இமை வீங்குவது, வெளிச்சம் பார்க்க முடியாமல் போவது, நேற்றைவிட இன்று குறைவாகத் தெரிவது, இவை கண்ணுக்குள் கிருமி புகுந்ததற்கு அடையாளமாக இருக்கலாம். ஆயிரத்தில் ஒருவருக்கு அல்லது அதைவிடக் குறைவாகத்தான் வரும். ஆனால் வந்தால் மணிக்கணக்குதான். கண்ணுக்குள்ளேயே ஆன்டிபயாடிக் ஊசி போட்டாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி என்று பார்க்க வேண்டாம், மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுப் படுக்கவும் வேண்டாம்.

மாதங்கள், வருடங்கள் கழித்து மெதுவாக மங்குகிறது என்றால் பெரும்பாலும் லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சவ்வு தடித்திருக்கும். "மறுபடி புரை வந்துடுச்சு, மட்டமான லென்ஸ் வெச்சுட்டாங்க" என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள். புரை திரும்ப வராது. வைத்த லென்ஸும் கெட்டுப்போவது மிக அபூர்வம். இரண்டாம் உலகப்போர் விமானிகளின் கண்ணில் தெறித்த பெர்ஸ்பெக்ஸ் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் துண்டுகள் தொந்தரவு செய்யாமல் உள்ளேயே கிடந்ததைப் பார்த்துத்தான் ஹரால்ட் ரிட்லி என்ற ஆங்கிலேயக் கண் டாக்டர் 1949-ல் லண்டனில் முதல் லென்ஸை அதே பொருளில் வைத்தார். சவ்வு தடிப்பதற்குக் காரணம், எடுத்த பழைய லென்ஸின் செல்கள் கொஞ்சம் அதில் ஒட்டியிருந்து வளர்வதுதான். யாக் லேசர் போட்டு நடுவில் ஒரு திறப்பு வைத்தால் சரியாகும். சில நிமிட வேலை, அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம்.

சரி, கண்ணாடி. சாதாரண லென்ஸ் தூரப்பார்வைக்கு வைப்பது. செய்தித்தாள் படிக்கக் கண்ணாடி வேண்டும், அது குறையில்லை. கண் நிலைப்பட நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்பதால் அவசரப்பட்டு பவர் கண்ணாடி போடாதீர்கள். உங்கள் அப்பாவுக்கு இப்போது இருக்கிற மங்கலைக் கண்ணாடிக் கடையில் தீர்க்கப் பார்ப்பது இன்னும் தவறு. அங்கே பின்பக்கம் பார்க்க மாட்டார்கள்.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு, அம்மாவுக்கு இன்றும் செய்கிறேன். சுவரில் தினசரி காலண்டர் இருக்கும் இல்லையா, தினமும் காலையில் தாள் கிழித்ததும் அதே இடத்தில் நின்று, ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடி, பெரிய தேதியும் அதற்குக் கீழே ராகுகாலமும் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண். இரண்டு கண்ணையும் திறந்தே வைத்திருந்தால் நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும், மாதக்கணக்கில் தெரியாமலேயே போகும்.

நாளை போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டு, லென்ஸ் ஸ்டிக்கர் ஒட்டிய அட்டை, இப்போது விடுகிற சொட்டு பாட்டில்கள், கடைசியாக எடுத்த சர்க்கரை ரிப்போர்ட் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். வரவேற்பில் "செக்கப்புக்கு வந்தோம்" என்று சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். "ஆபரேஷன் ஆகி ஐந்து வாரம், நன்றாகத் தெரிந்தது, இப்போது குறைந்திருக்கிறது, பூச்சி பறக்கிறது, சர்க்கரை இருக்கிறது" என்று இதே வரிசையில் சொல்லுங்கள். டாக்டரிடம் கண் அழுத்தம் பார்த்தார்களா, ஓசிடி தேவையா, விழித்திரையின் ஓரம்வரை பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். கண்பாப்பா விரிய மருந்து விடுவார்கள், சில மணி நேரம் வெளிச்சம் கூசும். அப்பா வண்டி ஓட்டக்கூடாது. காலையில் சாப்பிட்டுவிட்டு, சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டே வரச் சொல்லுங்கள், சில நேரம் மதியம் ஆகிவிடும்.