வாசகர் கேள்விகள்: ரிப்பீட்டரும் பக்கத்து வீட்டுக் கைபேசியும்

கேள்வி: எங்கள் விசைத்தறிக்கூடம் தகரக் கூரை வேய்ந்தது. உள்ளே கைபேசி எடுபடாததால் இணையத்தில் ஒரு பூஸ்டர் வாங்கி மாட்டினோம். எங்களுக்குச் சிக்னல் நன்றாகக் கிடைத்தது. ஆனால் அக்கம்பக்கத்தாருக்குப் பேச்சு அறுபடத் தொடங்கியது. கடைசியில் சேவை நிறுவனத்தார் தேடி வந்து கழற்றச் சொல்லிவிட்டார்கள். எங்கள் கூடத்துக்காக வைத்த கருவி ஊருக்கு எப்படித் தொல்லை தரும்? – வாசகர் ஒருவர், பல்லடம்.

பதில்: நீங்கள் மாட்டிய பூஸ்டருக்கு இன்னொரு பெயர் ரிப்பீட்டர். அது ஓர் இருவழிப் பெருக்கி. கோபுரத்திலிருந்து வருவதைப் பெருக்கி உள்ளே தருவது போலவே, உங்கள் ஆட்களின் கைபேசிகள் அனுப்புவதையும் பெருக்கிக் கூரை மேலுள்ள ஆன்டெனா வழியாகக் கோபுரத்துக்கு அனுப்புகிறது. கூடத்தில் யாரும் பேசாத நேரத்திலும் அது தன் சொந்த இரைச்சலை அதே திசையில் அனுப்பிக்கொண்டிருக்கும். மிக மெல்லிய அலைகளையும் பிரித்தறியும் கோபுரத்தின் காதில் இந்த இரைச்சல் விழுந்தால், அதே கோபுரத்தை நம்பியிருக்கும் ஊராரின் பேச்சு அதில் அமிழ்ந்துபோகிறது. கோபுரம் அருகில் இருந்தால் தொல்லை இன்னும் கூடும், ஏனெனில் இரைச்சல் வழியில் தேய்வதற்குப் போதிய தொலைவு இல்லை. அப்படிப்பட்ட இடங்களில் கைபேசியிலிருந்து கோபுரத்துக்குச் செல்லும் திசையின் பெருக்கத்தைத் தனியாகக் குறைத்து வைப்பதே விவரம் அறிந்தவர்கள் செய்யும் முதல் வேலை.

இதைவிட மோசமான கோளாறு ஒன்றும் உண்டு. மாரியம்மன் நோம்பியில் மைக்கை ஒலிபெருக்கியின் முன் கொண்டுபோனால் ஊளையிடுகிறதல்லவா, அதேதான் இங்கேயும் நடக்கிறது. உள் ஆன்டெனா வெளியிடுவது கசிந்து வெளி ஆன்டெனாவுக்குப் போய், மறுபடியும் பெருகி, சுற்றிச் சுற்றி வருகிறது. காதுக்குக் கேட்காத அந்த ஊளை அலைவரிசை முழுவதையும் கெடுத்துவிடும். இதைத் தவிர்க்க, இரண்டு ஆன்டெனாக்களுக்கும் இடையிலான தடுப்பு, கருவியின் பெருக்கத்தைவிட ஏறக்குறைய 15 டெசிபெல் அதிகமாக இருக்க வேண்டும். 70 டெசிபெல் பெருக்கம் என்றால் திறன் ஒரு கோடி மடங்காகிறது என்று பொருள். அதற்கு 85 டெசிபெல் தடுப்பு வேண்டும். அளந்து பார்த்ததில் 75 தான் வருகிறது என்றால், பெருக்கத்தை 60-க்கு இறக்குவதைத் தவிர வழியில்லை. ஆன்டெனாக்களைப் பக்கவாட்டில் தள்ளி வைப்பதைவிட மேலும் கீழுமாக வைத்து, ஒன்றுக்கொன்று முதுகு காட்டச் செய்தால் தடுப்பு எளிதில் கூடும். உங்கள் சிக்னலைத் தடுத்த அதே தகரக் கூரை இங்கே உங்களுக்குத் துணை நிற்கும் என்பதையும் சொல்ல வேண்டும். கூரைக்கும் சுவருக்கும் நடுவே காற்றுக்காக விட்ட இடைவெளியை நோக்கி உள் ஆன்டெனாவைத் திருப்பி வைத்தால் மட்டும் அந்தத் துணை வீணாகிவிடும்.

இணையத்தில் விற்கும் மலிவான கருவிகள் பெரும்பாலும் ஓர் அலைவரிசைப் பட்டையை அப்படியே முழுமையாகப் பெருக்குபவை. 900 மெகாஹெர்ட்ஸ் பட்டையை எடுத்துக்கொண்டால், 880 முதல் 915 மெகாஹெர்ட்ஸ் வரை கைபேசிகள் பேசுகின்றன, 925 முதல் 960 வரை கோபுரங்கள் பேசுகின்றன. இதில் உங்கள் நிறுவனத்துக்கு உரியது ஒரு சிறு துண்டு மட்டுமே. முழுப் பட்டையையும் தூக்கிவிடும்போது, உங்களுக்குத் தொடர்பே இல்லாத நிறுவனங்களின் வாடிக்கையாளர்களும் பாதிக்கப்படுகிறார்கள். உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தவிர வேறு யாரும் ரிப்பீட்டரை வைத்திருப்பதோ விற்பதோ பயன்படுத்துவதோ சட்டவிரோதம் என்று மத்திய அரசு 2022-இல் வெளிப்படையாக அறிவித்ததற்கு இத்தகைய தொல்லைகளே காரணம். அவசரநேரத்தில் 108-க்கு அழைப்பவரின் குரலும் இதே அலைகளில்தான் போகிறது என்பதால், இந்தக் கட்டுப்பாடு எனக்கு முற்றிலும் நியாயமாகவே படுகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது, கூடத்துக்குள் சிக்னல் இல்லை என்று உங்கள் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து, அவர்களே ரிப்பீட்டரோ சிறு கோபுரமோ பொருத்தும்படி கேட்பது. அதுவரை, கூடத்தில் பிராட்பேண்ட் இணைப்பு இருந்தால், கைபேசியில் வைஃபை காலிங் வசதியை இயக்கிக்கொள்ளுங்கள். அதில் அழைப்பு வைஃபை வழியாகவே போவதால் கோபுரத்துக்கு எந்தத் தொல்லையும் இல்லை.

கேள்வி: எங்கள் தென்னந்தோப்பு வீட்டில் நிறுவனமே ரிப்பீட்டர் பொருத்திக் கொடுத்தது. உயரமான கம்பத்தில் ஆன்டெனா, கைபேசியில் முழுக் கோடுகள். இருந்தும் பேச்சு விட்டுவிட்டு வருகிறது. – வாசகி ஒருவர், பொள்ளாச்சி.

பதில்: கோடுகள் சிக்னலின் வலுவைக் காட்டுமே தவிர, தெளிவைக் காட்டுவதில்லை. 4ஜி-யில் ஒரு நிறுவனத்தின் அண்டை கோபுரங்கள் பொதுவாக ஒரே அலைவரிசையைத்தான் பயன்படுத்துகின்றன. உயரமான கம்பத்திலிருந்து நாலைந்து கோபுரங்கள் தெரியும். உங்கள் பக்கத்தில் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடப்பதால் எல்லைக்கு அப்பால் கேரளத்தில் உள்ளவையும் எட்டக்கூடும். ரிப்பீட்டருக்கு வேண்டியது எது, வேண்டாதது எது என்று தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்தே பெருக்கும். மைனஸ் 80 வலுவும் பூஜ்ஜியத் தெளிவும் உள்ள இடத்தைவிட, அதைவிட வலுக் குறைந்த மைனஸ் 100-உம் 15 தெளிவும் உள்ள இடத்தில் பேச்சு நன்றாக இருக்கும். வலுவை RSRP என்றும் தெளிவை SINR என்றும் இந்த இரண்டு எண்களையும் காட்டும் இலவசச் செயலிகள் உண்டு.

எனவே குறுகிய கோணமுள்ள ஆன்டெனாவை ஒரே கோபுரத்தை நோக்கித் திருப்பச் சொல்லுங்கள். கம்பத்தை உயர்த்துவதற்குப் பதிலாகச் சற்று இறக்கி, வீட்டுச் சுவர் மற்றக் கோபுரங்களை மறைக்கும்படி வைத்துப் பார்ப்பதும் பல நேரங்களில் பலன் தரும். ஒவ்வொரு முறை திருப்பும்போதும் வலுவைப் பார்க்காமல் தெளிவின் எண்ணைக் குறித்து வையுங்கள். அது மிக அதிகமாக வரும் திசையில் ஆன்டெனாவை முடுக்கிய பிறகே, பெருக்கத்தைத் தேவையான அளவுக்கு மட்டும் ஏற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: கடம்பூர் மலையில் துளியும் சிக்னல் இல்லாத பள்ளத்தில் ரிப்பீட்டர் உதவுமா? – வாசகர் ஒருவர், சத்தியமங்கலம்.

பதில்: பள்ளத்துக்குள் வைத்தால் உதவாது. ரிப்பீட்டர் சிக்னலை உண்டாக்குவதில்லை. வரும் சிக்னல் இல்லாத இடத்தில் அது இரைச்சலை மட்டுமே பெருக்கும். மேட்டின் மேல் ஓரளவாவது எடுத்தால், நிறுவனம் அங்கே ஆன்டெனா வைத்துப் பள்ளத்துக்குக் கொண்டுவர முடியும். அதுவும் இல்லையென்றால் புதிய கோபுரம்தான் தீர்வு. வசதி எட்டாத 24,680 ஊர்களுக்கு 4ஜி கொண்டுசெல்லும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில் ஒப்புதல் தந்தது. உங்கள் ஊர் அதில் உள்ளதா என்று ஊராட்சி வழியாக பி.எஸ்.என்.எல். அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள்.