வாசகர் கேள்வி: ஹெபடைடிஸ் சி மாத்திரையும் ரத்தம் குறைவதும்

கேள்வி: என் கணவருக்கு வயது 54, எடை 63 கிலோ. ஹெபடைடிஸ் சி கிருமியால் கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்திருக்கிறது. சோஃபோஸ்புவிர்–வெல்பட்டாஸ்விர் மாத்திரையோடு ரிபாவிரின் 200 மி.கி. காலை 2, இரவு 3 சாப்பிடுகிறார். ஆரம்பத்தில் 12.4 இருந்த ஹீமோகுளோபின் நான்காவது வாரம் 9.6 ஆகிவிட்டது. முருங்கைக்கீரை, பேரீச்சை, இரும்புச்சத்து டானிக் எதற்கும் ஏறவில்லை. மாத்திரைகளை நிறுத்திவிடலாமா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: நிறுத்த வேண்டாம். ரத்தத்தைக் குறைப்பது ரிபாவிரின் மட்டும்தான். சோஃபோஸ்புவிர்–வெல்பட்டாஸ்விர் ஒரு நாள்கூட விடாமல் தொடர வேண்டும். கிருமியை ஒழிக்கும் முக்கிய மருந்து அதுவே.

ரிபாவிரின் சிவப்பணுவுக்குள் போனதும் உருமாறி உள்ளேயே தங்கிவிடுகிறது. அதைப் பிரித்து வெளியேற்றும் நொதி சிவப்பணுவில் இல்லை. சேரச் சேர அணுவின் சக்தி குறைந்து, மேல்சவ்வு கெட்டு, 120 நாள் வாழவேண்டிய அணு முன்னதாகவே உடைகிறது. முதல் ஓரிரு வாரத்திலேயே இறக்கம் தொடங்கிவிடுவதால்தான் ஆரம்பத்திலும், 2-ம், 4-ம் வாரத்திலும் கட்டாயம் ரத்தம் பார்க்கச் சொல்கிறோம்.

உடைந்த அணுவிலிருந்த இரும்பு உடம்பை விட்டுப் போவதில்லை. அதனால்தான் டானிக் பலிக்கவில்லை. மிஞ்சிய இரும்பு கல்லீரலில் போய்ச் சேரும். ஏற்கெனவே நொந்த கல்லீரலுக்கு அது கூடாது. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையில் குறைவு தெரிந்தாலொழிய டானிக்கை நிறுத்திவிடுங்கள். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: இரும்பு டானிக் மலத்தைக் கறுப்பாக்கும். கல்லீரல் சுருங்கியவர்களுக்கு உணவுக்குழாயில் புடைத்த ரத்தக்குழாய் கசிந்தாலும் மலம் கறுப்பாக, தார் போலப் போகும். அந்த எச்சரிக்கையை டானிக் மறைத்துவிடும். கீரையும் பேரீச்சையும் உணவாகச் சாப்பிடட்டும், தவறில்லை.

பொது விதி இது: இதயநோய் இல்லாதவருக்கு ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே போனால் ரிபாவிரினை 600 மி.கி. ஆக்குவோம், அதாவது காலை 1, இரவு 2. 8.5-க்குக் கீழே போனால் ரிபாவிரினை மட்டும் நிறுத்துவோம். உங்கள் கணவருக்கு 9.6 என்பதால் குறைக்கும் நேரம் வந்துவிட்டது. மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். நீங்களாகக் குறைக்க வேண்டாம். கல்லீரல் மிகவும் தளர்ந்தவருக்குத் தொடக்கமே 600-தான். மாரடைப்பு வந்தவர், ஆஞ்சைனா என்ற இதய நெஞ்சுவலி உள்ளவர் என்றால் எண் 10-க்கு மேலே இருந்தாலும், 4 வாரத்துக்குள் 2 புள்ளி இறங்கினாலே அளவைக் குறைக்க வேண்டும்.

அளவைக் குறைத்தால் குணமாகாதோ என்ற பயம் இன்டர்ஃபெரான் ஊசி போட்ட காலத்தில் நியாயமானது. இன்றைய மாத்திரைகளில் அப்படியில்லை. ரிபாவிரினே ஒத்துக்கொள்ளாவிட்டால், அது இல்லாமல் 12 வாரத்துக்குப் பதில் 24 வாரம் சிகிச்சை தரும் வழியும் இருக்கிறது. அதனால் ரத்தம் ஊறச் செய்யும் எரித்ரோபொய்ட்டின் ஊசிக்கு இப்போது அநேகமாகத் தேவையே வருவதில்லை. ரிபாவிரின் நின்றபின் 4 முதல் 8 வாரத்தில் ரத்தம் பழைய நிலைக்கு ஏறும்.

மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, படபடப்பு இவற்றை அடுத்த பரிசோதனை நாளுக்கு முன்பே சொல்லுங்கள். நெஞ்சுவலி, மயக்கம், கறுப்பு மலம், ரத்தவாந்தி எதுவானாலும் அன்றே, இரவானாலும், அவசரப் பிரிவுக்குப் போங்கள். கண் லேசாக மஞ்சளானால் கல்லீரல் மோசமாகிவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். அணுக்கள் உடைவதாலும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் ஏறும். அப்போது அதில் கல்லீரல் இன்னும் பக்குவப்படுத்தாத ‘இன்டைரக்ட்’ பகுதிதான் அதிகம் இருக்கும். பிரித்துப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கும் இதே சிகிச்சைதான். சர்க்கரை நோயும் உண்டு. மூன்று மாத சர்க்கரை அளவு 8.2-லிருந்து 6-க்கு வந்துவிட்டது. இன்சுலினைக் குறைக்கலாமா?
– வாசகர், சேலம்

பதில்: அந்த எண்ணை நம்பாதீர்கள். ஹெச்பிஏ1சி என்பது சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையின் கணக்கு. அணுக்கள் சீக்கிரம் உடைந்தால் சர்க்கரை ஒட்ட நேரம் கிடைப்பதில்லை. அளவு பொய்யாகக் குறைகிறது. அதேசமயம் கிருமி குறையும்போது சிலருக்குச் சர்க்கரை உண்மையாகவே இறங்கி, இன்சுலின் அதிகமாகிப் போவதும் உண்டு. இரண்டையும் பிரித்துக் காட்டுவது விரல் நுனிப் பரிசோதனைதான். வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்தும் பார்த்து எழுதிவைத்து, அதைக் காட்டி இன்சுலின் அளவைக் கேளுங்கள். ரத்தம் தேறி மூன்று மாதம் கழித்தே ஹெச்பிஏ1சி எடுங்கள்.

கேள்வி: ஹெபடைடிஸ் பி-க்கு டெனோஃபோவிர் சாப்பிடுகிறேன். எனக்கும் ரத்தம் குறையுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: டெனோஃபோவிரும், அதே நோய்க்குத் தரும் என்டெகாவிரும் சிவப்பணுவை இப்படி உடைப்பதில்லை. உங்களுக்கு ரத்தம் குறைந்தால் மூலம், குடற்புண், சத்துக்குறைவு என்று வேறு காரணம் தேட வேண்டும். டெனோஃபோவிரில் கவனிக்க வேண்டியது சிறுநீரகம். அது எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையைப் பார்த்துவாருங்கள்.

கேள்வி: டயாலிசிஸ் செய்துகொள்ளும் என் அம்மாவுக்கு ஹெபடைடிஸ் சி. ரிபாவிரின் தரலாமா?
– வாசகி, மதுரை

பதில்: கல்லீரல் தளராதவர் என்றால் ரிபாவிரின் தேவைப்படுவது அரிது. சோஃபோஸ்புவிர்–வெல்பட்டாஸ்விரை டயாலிசிஸ் நோயாளிக்கும் தரலாம். ரிபாவிரின் தந்தே ஆக வேண்டிய நிலை வந்தால் நாளொன்றுக்கு 200 மி.கி. தாண்டக் கூடாது. சிறுநீரகம் வழியே போகவேண்டிய மருந்து தேங்கிவிடும். டயாலிசிஸ் இயந்திரமும் அதை அவ்வளவாக எடுப்பதில்லை. டயாலிசிஸ் நோயாளிக்கு ரத்தம் ஏற்கெனவே குறைவாக இருக்கும் என்பதால் வாராவாரம் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் ரிபாவிரின் மாத்திரையை உடைத்துக் கொடுக்கக் கூடாது. கருவுக்குக் கடும் பாதிப்பு தரும் மருந்து இது.