அமெரிக்க நாணயங்களை அடையாளம் காண்பது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வந்த மாமா ஒரு டப்பா நிறையச் சில்லறை கொடுத்தார். அதில் வெள்ளி நாணயம் இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் ஆண்டைப் பாருங்கள், பிறகு நாணயத்தை நிமிர்த்தி அதன் விளிம்பைப் பாருங்கள். 20-ஆம் நூற்றாண்டில் 1964 வரையிலான ஆண்டைத் தாங்கிய டைம் (10 சென்ட்), குவார்ட்டர் (25 சென்ட்), அரை டாலர் ஆகியவை 90 விழுக்காடு வெள்ளியால் ஆனவை. 1965-இல் இயற்றப்பட்ட சட்டம் டைமிலிருந்தும் குவார்ட்டரிலிருந்தும் வெள்ளியை அறவே நீக்கிவிட்டது. அதன் பின் செம்பின் இருபுறமும் செம்பு-நிக்கல் கலவைத் தகட்டை ஒட்டி அச்சடித்தார்கள். அந்த நடுச்செம்பே விளிம்பில் பழுப்புக் கீற்றாகத் தெரிகிறது. அரை டாலர் மட்டும் 1965 முதல் 1970 வரை 40 விழுக்காடு வெள்ளியோடு வந்தது. ஐயம் இருந்தால் எடை போடுங்கள்: வெள்ளிக் குவார்ட்டர் 6.25 கிராம், பிந்தையது 5.67 கிராம்.

கேள்வி: என் 1950 குவார்ட்டரில் நாணயச்சாலையின் எழுத்தே இல்லை. இது போலியா?

பதில்: போலி என்று சொல்ல இது காரணமாகாது. டென்வர் டி என்றும் சான் பிரான்சிஸ்கோ எஸ் என்றும் பொறித்தாலும், தலைமைச் சாலையான பிலடெல்பியா நெடுங்காலம் எழுத்தே இடவில்லை. அது முதன்முதலில் பி என்று பொறித்தது 1942-இல், போர்க்காலத்து 5 சென்ட் நாணயத்தில். பூப்பக்கத்தில் மாளிகைக் குவிமாடத்தின் மேல் பெரிய எழுத்து இருந்தால், அந்த நாணயத்தில் 35 விழுக்காடு வெள்ளி இருக்கிறது. 5 சென்ட் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

கேள்வி: 1943-ஆம் ஆண்டுச் சென்ட் ஒன்று செம்பு நிறத்தில் கிடைத்துள்ளது. இது பெரும் விலை போகும் என்கிறார்களே?

பதில்: உண்மையானதாக இருந்தால் போகும். போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அந்த ஆண்டில் துத்தநாகம் பூசிய எஃகில்தான் சென்ட் அச்சடித்தார்கள்; முந்தைய வெண்கல வில்லைகள் சில எந்திரத்தில் தங்கிவிட்டதால், மிகச் சில மட்டும் வெண்கலத்தில் அச்சாயின. காந்தத்தை அருகில் கொண்டு செல்லுங்கள். ஒட்டினால் அது செம்பு முலாம் பூசிய எஃகுச் சென்ட், ஆசையை அங்கேயே விட்டுவிடலாம். ஒட்டாவிட்டால் எடை பாருங்கள்: எஃகு 2.7 கிராம், வெண்கலம் 3.11 கிராம். எடையும் சரியாக இருந்தால் உருப்பெருக்கிக் கண்ணாடியில் கடைசி எண்ணைப் பாருங்கள், ஏனெனில் 1948-இன் எட்டைச் செதுக்கி மூன்றாக்குவது பழைய மோசடி. சாதாரண எஃகுச் சென்டின் மூன்றோடு ஒப்பிட்டால் வடிவ வேறுபாடு புலப்படும். மூன்று சோதனையிலும் தேறினால் மட்டும் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற சான்றளிக்கும் நிறுவனத்துக்கு அனுப்பச் செலவிடுங்கள்.

கேள்வி: கறுத்துப்போன வெள்ளி டாலரைப் புளி போட்டுத் துலக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். குத்துவிளக்குக்கு நல்லது நாணயத்துக்கு ஆகாது. காற்றோடு சேர்ந்து வெள்ளி மெல்ல ஏற்றுக்கொண்ட நிறம் அது. தேய்த்தால் நிறத்தோடு மேற்பரப்பின் மெல்லிய அச்சுக் கோடுகளும் போய், நுண்ணிய கீறல்கள் மிஞ்சும். தொடக்க காலத்தில் 1921-ஆம் ஆண்டு மார்கன் டாலர் ஒன்றை நானே இப்படிக் கெடுத்தேன். அந்தக் கீறல்கள் இன்றும் இருக்கின்றன. பி.வி.சி. உறைகளையும் தவிருங்கள், அவை நாளடைவில் பச்சைப் பிசுக்கை விடும்.

கேள்வி: 1776–1976 என்று இரண்டு ஆண்டுகள் உள்ள குவார்ட்டர் அரியதா?

பதில்: இல்லை. விடுதலையின் 200-ஆம் ஆண்டுக்காக 1975, 1976 இரு ஆண்டுகளிலும் பெருமளவில் அச்சடிக்கப்பட்டது.

கேள்வி: எருமை பொறித்த 5 சென்டில் ஆண்டு முழுவதும் தேய்ந்துவிட்டது. இனி எதையும் அறிய முடியாதா?

பதில்: ஓரளவு முடியும். ஜேம்ஸ் ஏர்ல் ஃபிரேசர் வடித்த இந்த நாணயம் 1913 முதல் 1938 வரை வந்தது. ஆண்டை மேடான இடத்தில் வைத்ததால் அதுவே முதலில் தேய்ந்தது. அமிலமிட்டு எண்ணை வரவழைப்பவர்கள் உண்டு; அது மேற்பரப்பை அரித்துவிடும் என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை. மாறாகப் பூப்பக்கத்தைப் பாருங்கள். எருமை ஒரு மண்மேட்டின் மீது நின்றால், உங்கள் நாணயம் 1913-ஐச் சேர்ந்தது. மேட்டின் மேலிருந்த ‘ஐந்து சென்ட்’ என்ற மதிப்பெழுத்து விரைவில் தேயும் என்று கண்டு, அதே ஆண்டிலேயே மேட்டை வெட்டித் தட்டையான தரையாக மாற்றிவிட்டார்கள்.