தாத்தா மடியும் குடும்பக் கதைகளும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் பேத்திக்குப் பத்து மாதம். வாரம் ஒருமுறைதான் பார்க்க முடிகிறது. போன மாதம் வரை சிரித்துக்கொண்டு வந்தவள், இப்போது என்னைக் கண்டாலே வீறிட்டு அழுகிறாள். என்னிடம் என்ன குறை?

பதில்: உங்களிடம் எந்தக் குறையும் இல்லை. எட்டு, ஒன்பது மாத வாக்கில் 'தினமும் பார்க்கிற முகம் எது, பார்க்காத முகம் எது' என்று பிரித்தறியும் திறன் குழந்தைக்கு வந்துவிடுகிறது. அழுகை அதன் அடையாளம். பெரும்பாலும் ஒன்றரை வயதைத் தாண்டும்போது தணிந்துவிடும்.

அழுகையைக் கூட்டுவது நாம் நெருங்கும் வேகம். வாசலிலிருந்து நேராக வந்து, கண்ணுக்குக் கண் பார்த்து, இரண்டு கையையும் நீட்டித் தூக்கப் போவது பெரியவர்களுக்கு ஆசை, குழந்தைக்கு மிரட்சி. வந்ததும் முதலில் குழந்தையின் அம்மாவோடு சிரித்துப் பேசுங்கள். அம்மா முகத்தைப் பார்த்துத்தான் 'இவர் நம்மவர்' என்று அது முடிவு செய்யும். பிறகு சற்றுத் தள்ளித் தரையில், பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். ஒரு டப்பாவுக்குள் பெரிய மரக்கட்டைகளைப் போடுவதும் எடுப்பதுமாக இருங்கள். அவளே தவழ்ந்து வருவாள். கட்டையை விரித்த உள்ளங்கையில் வைத்து நீட்டுங்கள். வாங்கினால், திருப்பிக் கேளுங்கள். இந்தக் கொடுக்கல் வாங்கல் நாலைந்து முறை நடந்த பிறகு, அவளாகக் கை தூக்கினால் மட்டும் தூக்குங்கள். கால் மணி நேரம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். குழந்தையை உங்கள் கையில் திணித்துவிட்டு அம்மா மறைந்துபோவதைப் போலக் கெடுதல் வேறில்லை.

இடைப்பட்ட நாட்களில் ஐந்து நிமிட வீடியோ அழைப்பு உதவும். ஒன்றரை வயதுக்குள் திரை வேண்டாம் என்று சொல்லும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்கு தருகிறது. ஒவ்வொரு அழைப்பையும் ஒரே பாட்டிலோ ஒரே விளையாட்டிலோ தொடங்குங்கள். நேரில் வந்ததும் அதையே செய்தால் அடையாளம் பிடித்துக்கொள்வாள்.

கேள்வி: மூன்று வயதுப் பேரன் 'தூக்கு தாத்தா' என்கிறான். எனக்கு இடுப்பு வலி. கையைப் பிடித்துச் சுற்றிவிடலாமா?

பதில்: கையைப் பிடித்துச் சுற்றவே வேண்டாம். ஐந்து வயதுக்குக் கீழே முழங்கை மூட்டைப் பிடித்திருக்கும் தசைநார் இறுகியிருக்காது. மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாலோ தொங்கவிட்டாலோ எலும்பு சற்று நழுவிவிடும். குழந்தை கையை அசைக்காமல் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு அழும். மருத்துவர் நொடியில் சரிசெய்துவிடுவார். வீட்டில் யாரும் முறுக்கிப் பார்க்கக் கூடாது.

தூக்கியே ஆக வேண்டுமானால் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, அவனை நெஞ்சோடு அணைத்து, அக்குளுக்குக் கீழே ஒரு கை, உட்காரும் பகுதிக்குக் கீழே ஒரு கை கொடுத்து, காலின் பலத்தில் எழுந்திருங்கள். தூக்கியபடி இடுப்பைத் திருப்பாதீர்கள்; பாதத்தை நகர்த்தித் திரும்புங்கள். இதைவிட நல்லது, கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்துகொண்டு அவனை மடியில் ஏறச் சொல்வது. ஏறுவதே அவனுக்கு விளையாட்டு.

கேள்வி: நான்கு வயதுப் பேத்தி பேசுவது பாதி எனக்குப் புரிவதில்லை. மகன் பேசுவது நன்றாகவே கேட்கிறது. தலையாட்டிச் சமாளிக்கிறேன்.

பதில்: வயதாகும்போது முதலில் குறைவது உச்ச சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன். குழந்தைக் குரல் இயல்பிலேயே உச்ச சுருதி. உயிரொலி காதில் விழும். ச, த, ப போன்ற சத்தம் குறைந்த மெய்யொலிகள் நழுவிவிடும். அதனால்தான் பேசுவது கேட்கிறது, சொல் பிடிபடுவதில்லை.

தலையாட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள். நாலு வயதுக் குழந்தை அதைக் கண்டுபிடித்துவிடும், பிறகு பேச்சைக் குறைத்துக்கொள்ளும். தொலைக்காட்சியை அணைத்து, வெளிச்சம் அவள் முகத்தில் விழும்படி எதிரெதிரே உட்காருங்கள். பிடிபட்டதைக் கேள்வியாகத் திருப்பிக் கேளுங்கள்: "பந்து... பந்துக்கு என்ன ஆச்சு?" மிச்சத்தை அவள் சொல்லிவிடுவாள். கத்தச் சொல்லாதீர்கள், கத்தினால் உயிரொலிதான் பெருகும். கேள்திறன் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

காது கருவி வாங்கினால் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. அதன் குட்டி பேட்டரியும், ரிமோட்டில் இருக்கும் நாணய வடிவ பேட்டரியும் குழந்தை வாய்க்குள் போகிற அளவு. நாணய வடிவ லித்தியம் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள் திசுவை அரித்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, அழுகை இருமல் எதுவும் இல்லாவிட்டாலும், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஒரு வயது நிறைந்த குழந்தை என்றால், விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 10 மில்லி தேன், ஆறு முறை வரை கொடுக்கலாம். தேனைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

உங்கள் மாத்திரைகளும் அப்படியே. கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டிகள் பல, குழந்தை விரலுக்கே திறந்துவிடும். சில வகைச் சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை ஒன்றே ஒன்று போதும், சின்னக் குழந்தையின் உயிருக்கு ஆபத்து. சட்டைப்பை, தலையணை அடி, பயணப் பை இவற்றில் வைக்காமல், உயரத்தில் பூட்டி வையுங்கள்.

கேள்வி: பழைய சம்பவங்களைச் சொன்னால் பேரப்பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் ஓடிவிடுகிறார்கள். 'போன வருஷம் போனோமே, நினைவிருக்கா?' என்றால் 'இல்லை' என்கிறார்கள்.

பதில்: 'நினைவிருக்கா?' என்பது குழந்தைக்குப் பரீட்சைக் கேள்வி. 'இல்லை' என்று சொல்லித் தப்பிப்பதுதான் சுலபம். நீங்களே பாதியைச் சொல்லித் தொடங்குங்கள்: "அன்னிக்குக் காத்துல குடை மேல்நோக்கி மடங்கிப் போச்சு. நீ என்ன பண்ணினே?" குழந்தை ஒரு சொல் சொன்னால் அதை வாங்கி, இன்னொரு விவரம் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். "ஆமா, நனைஞ்சோம். உன் செருப்பு ஒண்ணு சேத்துல மாட்டிக்கிச்சு. யார் எடுத்துக் கொடுத்தாங்க?" யார், என்ன, எங்கே, அப்போது எப்படி இருந்தது என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னால் திருத்த அவசரப்படாதீர்கள். இப்படிப் பேசிப் பழகிய குழந்தைகள் பின்னாளில் தங்கள் அனுபவங்களை விரிவாக நினைவுகூர்கிறார்கள். பெரும்பாலோருக்கு முதல் நினைவு மூன்று, மூன்றரை வயதிலிருந்துதான் தங்குகிறது. அதற்கு முன் நடந்தவை நீங்கள் சொல்லித்தான் அவர்களுக்குச் சேரும்.

உங்கள் காலத்துக் கதைக்குக் கையில் ஒரு பொருள் வேண்டும். ஓடாத கைக்கடிகாரம், கைப்பிடி தேய்ந்த சுத்தியல், எதுவானாலும் சரி. குழந்தை அதைத் திருப்பிப் பார்க்கும் நேரம்தான் கதைக்கான நேரம். சின்னவர்களுக்கு மூன்று நிமிடம் போதும். வருடக் கணக்கு அவர்களுக்குப் பிடிபடாது. "உங்கப்பா உன் உயரம் இருந்தப்போ" என்றால் உடனே பிடிபடும். வெற்றிகளை மட்டும் அடுக்காதீர்கள். அப்பா சைக்கிளிலிருந்து விழுந்தது, அத்தை கூட்டத்தில் தொலைந்து திரும்பக் கிடைத்தது போன்றவற்றைத்தான் மறுபடி மறுபடி கேட்பார்கள். கேட்டால் அலுக்காமல், அதே வரிசையில் சொல்லுங்கள். அடுத்து வருவது தனக்குத் தெரியும் என்பதில்தான் குழந்தைக்கு மகிழ்ச்சி.

எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் என்ற இரு உளவியலாளர்கள், குடும்பக் கதைகள் பிள்ளைகளுக்கு எவ்வளவு தெரியும் என்று அறிய 20 கேள்விகள் வகுத்தார்கள். அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்னம்பிக்கையும் கூடுதலாக இருந்தது. ஆனால் அந்த விடைகளை மனப்பாடம் செய்ய வைப்பதில் பயனில்லை. கதை பேசுகிற அளவுக்கு ஒருவரோடு ஒருவர் உட்காரும் வீடு என்பதுதான் கதைகள் தெரிந்திருப்பதற்குப் பொருள்.

இறந்துபோன பாட்டியைப் பற்றிக் கேட்டால் 'தூங்கிட்டாங்க' என்று சொல்லாதீர்கள். சில குழந்தைகள் தூங்கவே பயப்படும். 'இறந்துட்டாங்க, உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு, திரும்ப வர மாட்டாங்க' என்று சொல்லிவிட்டு, பாட்டி செய்த ஒரு குறும்பைச் சொல்லுங்கள்.

கேள்வி: மாமனாருக்கு 80 வயது. அவர் குரலில் குடும்பக் கதைகளைப் பதிவு செய்ய வேண்டும். போன் போதுமா?

பதில்: தாராளமாகப் போதும். கெடுப்பது போனல்ல, அறை. மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், அழைப்பு வராதபடி விமானப் பயன்முறையில் போடுங்கள். போனை மடித்த துணி மேல், அவர் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். கையில் பிடித்தால் விரல் உரசும் சத்தம் பதியும். ஒரு நிமிடம் பதிந்து, இயர்போனில் கேட்டுவிட்டுத் தொடருங்கள். செய்தி அனுப்பும் செயலியின் குரல் பதிவைப் பயன்படுத்தாதீர்கள். அதில் ஒலியின் தரம் குறையும். போனிலுள்ள ஒலிப்பதிவுச் செயலியே நல்லது.

'உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க' என்றால் அவர் திகைப்பார். "நீங்க சின்ன வயசுல இருந்த வீட்டுக்குள்ள வாசல்ல இருந்து எங்களைக் கூட்டிட்டுப் போங்க மாமா" என்று கேளுங்கள். ஒவ்வொரு அறையிலும் ஒரு ஆள் நிற்பார், ஒரு சண்டை கிடக்கும். அவர் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்வி போடாமல் ஐந்து நொடி காத்திருங்கள். நல்ல செய்தி பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வரும். பேரப்பிள்ளையும் கூட இருந்தால், நாம் கேட்கத் தயங்குவதை அது கேட்டுவிடும். அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

தொடக்கத்தில் தேதியையும் பேசுவோர் பெயரையும் சொல்லிப் பதியுங்கள். கோப்பின் பெயரில் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எண்கள் இருந்தால் தானாகவே கால வரிசையில் அடுக்கப்படும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பில், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

கேள்வி: பழைய ஆல்பத்தில் படங்கள் ஒட்டிக்கொண்டு வரவில்லை. பின்னால் பெயர் எழுத வேண்டும்.

பதில்: எதையும் தொடும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே படமெடுத்து வையுங்கள். பிறகு பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகில்லாத நூலை ஒரு மூலையிலிருந்து படத்துக்கு அடியில் நுழைத்து, ரம்பம் இழுப்பதுபோல மெல்ல இழுங்கள். தடுத்தால் நிறுத்திவிடுங்கள், வளைத்து உரித்தால் படத்தின் மேல்பூச்சு வெடிக்கும். சட்டகக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரிக்கவே கூடாது. கண்ணாடியோடு சேர்த்தே நகலெடுங்கள். ஸ்கேன் செய்வதானால் சாதாரண அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) போதும், தபால்தலை அளவுக்கு 1200.

எழுத மென்மையான பென்சில், 2பி போல. பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், மை மறுபுறம் ஊறும். பின்புறம் பிளாஸ்டிக்காக வழவழக்கும் படங்களில் பென்சில் பிடிக்காது. அவற்றைத் தனிக் காகித உறையில் போட்டு, முதலில் உறை மேல் எழுதிவிட்டுப் பிறகு படத்தை உள்ளே வையுங்கள். பின் வரிசை, முன் வரிசை என்று பிரித்து, இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுங்கள். 'பெரிய தாத்தா', 'சின்ன அத்தை' என்று மட்டும் எழுதினால் யாருக்குத் தாத்தா, யாருக்கு அத்தை என்று முப்பது வருடம் கழித்துப் பார்ப்பவருக்குத் தெரியாது. முழுப் பெயரும், யாருடைய மகன் அல்லது மகள் என்பதும் இருக்கட்டும். தெரியாத முகத்துக்கு ஊகித்துப் பெயர் போடாமல் கேள்விக்குறி போட்டு, வீட்டின் மூத்தவரிடம் காட்டுங்கள். பேரப்பிள்ளைகளோடு உட்காரும்போது ஒரு தடவைக்கு ஐந்து படம் போதும், ஓரத்தை மட்டும் பிடிக்கப் பழக்கிவிட்டு.