அடிக்குறிப்புல யார் பேரைப் போடுறது?

கேள்வி: சார், தமிழ்ல பிஎச்டி பண்றேன். புறநானூறு 192ஆம் பாட்டை ஒரு கட்டுரையில பார்த்துட்டு அப்படியே என் சாப்டர்ல எடுத்துப் போட்டேன், அடிக்குறிப்புல புறநானூறுன்னு மட்டும் குடுத்தேன். கைடு சிவப்புல சுழிச்சுத் திருப்பிக் குடுத்துட்டாங்க. பாட்டு பொதுச்சொத்துதானே? – ஒரு வாசகி, மதுரை

பதில்: பொதுச்சொத்துதாம்மா, ஆனா நீங்க பார்த்தது பாட்டை இல்லையே, இன்னொருத்தர் கட்டுரையைத்தானே! உ.வே.சா. 1894ல புறநானூற்றை அச்சுல கொண்டு வந்தார், அதுக்கப்புறம் எத்தனையோ பதிப்பு வந்தாச்சு, ஒண்ணுல மேல இருக்குற சொல் இன்னொண்ணுல பாடபேதம்னு, அதாவது வேற சுவடியில இருக்குற மாற்றுச் சொல்னு, அடியில கிடக்கும், இதுல அந்தக் கட்டுரைக்காரர் டைப் அடிக்கும்போது ஒரு ‘ர’ ‘ற’ ஆகியிருந்தா அதுவும் சேர்ந்து உங்க தீசிஸ்ல வந்து உக்காந்துக்கும், வைவால மாட்டப்போறது அவர் இல்ல, நீங்க. லைப்ரரிக்குப் போயி பதிப்பையே எடுத்துப் பாருங்க. பாட்டு எண், பதிப்பாசிரியர், பதிப்பகம், வருஷம், பக்கம் எல்லாத்தையும் அங்கயே நோட்ல எழுதிக்கோங்க, வீட்டுக்கு வந்தா மறந்துடும். புத்தகம் கிடைக்கவே இல்லையா, ‘இன்னார் கட்டுரையில் எடுத்தாளப்பட்டது’ன்னு போடுங்க, அதுல ஒண்ணும் கௌரவக்குறைச்சல் இல்ல.

அப்புறம் அடிக்குறிப்பு, நூற்பட்டியல் போட உதவுற சோட்டேரோ (Zotero) சாஃப்ட்வேரை யூஸ் பண்றீங்கன்னா நம்ம இனிஷியல் பேரை அது தலைகீழா மாத்தி வைக்கும், நமக்கு ஏது சர்நேம்? பேர் போடுற இடத்துக்குப் பக்கத்துல ரெண்டு கட்டத்தை ஒண்ணாக்குற குட்டி பட்டன் இருக்கு, அதை அமுக்கிட்டு முழுப்பேரையும் அடிங்க.